நோட்டு இல்லாத வீடுகள்

எழுமலையில் என் அம்மா இப்போதெல்லாம் மளிகை வாங்கிவிட்டு ஒரு தெரு சுற்றித்தான் வீட்டுக்கு வருகிறாள். சில வருடங்களுக்கு முன் ஊருக்குள் வந்த சூப்பர் மார்க்கெட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு நேர்வழி அண்ணாச்சி கடை வாசலைத் தாண்டிப் போகிறது. அப்படி வந்தால் ஐந்து நிமிடம். கோயிலுக்குப் பின்பக்கமாக வந்தால் பன்னிரண்டு நிமிடம். முழங்கால் வலிக்கு மாத்திரை போடுகிறவள், கடைப் பெயர் அச்சடித்த கட்டைப்பையைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு அந்தப் பன்னிரண்டு நிமிட வழியில் வருகிறாள்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதுதான் இதைக் கவனித்தேன். "எதுக்கும்மா இப்படிச் சுத்தி வர்ற?" என்று கேட்டேன்.

"அந்த மனுசன் மூஞ்சில எப்படிடா முழிக்கிறது?" என்றாள். பையிலிருந்து சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டே, கொஞ்ச நேரம் கழித்து, "எண்ணெய்ல மட்டும் இருவது ரூவா கொறையிது. அதையும் பாக்கணும்ல" என்றாள்.

அவள் சொன்ன இரண்டுமே உண்மை. எது பெரிய உண்மை என்று எனக்குப் பிடிபடவில்லை. கீழே எழுதியிருப்பதெல்லாம் அதை யோசித்ததில் வந்ததுதான்.

அந்த மனுசன் மூஞ்சியில் ஏன் முழிக்க முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2003ஆம் வருடம். மழை தொடர்ந்து பொய்த்துக்கொண்டிருந்த காலம். மானாவாரி நிலத்தை நம்பி ஆகாது என்று அப்பா லாரிக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு விபத்தில் வலது கால் உடைந்து பதினோரு மாதம் வீட்டில் படுத்துவிட்டார். நான் அப்போது ஒன்பதாவது. அந்தப் பதினோரு மாதமும் எங்கள் வீட்டில் உலை கொதித்தது அண்ணாச்சி கடை நோட்டால்தான். நாற்பது பக்க நோட்டு, அட்டையில் அப்பா பெயர். நான்தான் எடுத்துக்கொண்டு போவேன். சாமானைக் கட்டிக் கொடுத்துவிட்டு முதலில் தன்னுடைய நீளப் பேரேட்டில் எழுதுவார், பிறகு அதையே எங்கள் நோட்டில் எழுதுவார். கடையில் நாலு பேர் நின்றால் நோட்டைச் சட்டென்று வாங்கிக் கல்லாவுக்கு அடியில் போட்டுக்கொள்வார். கடனுக்கு வந்த பையன் என்று மற்றவர்களுக்குத் தெரியக் கூடாதாம். அதை அன்றைக்கு நான் புரிந்துகொள்ளவில்லை. பல வருடம் கழித்து, பெங்களூரில் ஒரு ஏடிஎம் வாசலில் கார்டு வேலை செய்யாமல் எல்லோரும் பார்க்க நின்ற ஒரு நாளில் புரிந்தது.

ஒருமுறைகூட "அப்பாவ வரச்சொல்லு" என்றதில்லை. கடைசியில் பாக்கி ஒன்பதாயிரத்துச் சொச்சம். அப்பா எழுந்து நடந்து, மறுபடி லாரி ஏறி, இரண்டு வருடத்தில் அடைத்தார். வட்டி கிடையாது.

ஆகக் கணக்குப்படி பாக்கி இல்லை. பேரேட்டில் எங்கள் பக்கம் அடித்தாகிவிட்டது. ஆனாலும் அம்மா தெரு சுற்றி வருகிறாள்.

அவர் செய்தது வியாபாரம்தானே என்று கேட்கலாம். இந்தக் கேள்வியைத் தத்துவத்தில் கேட்டவரும் ஒரு மளிகைக்காரரைத்தான் உதாரணமாக எடுத்துக்கொண்டார். 1785இல் வந்த தன் அறவியல் நூலில் கான்ட் ஒரு கடைக்காரரைப் பற்றிச் சொல்கிறார். விவரம் தெரியாத குழந்தை வந்து வாங்கினாலும் அவர் கூடுதல் விலை வைப்பதில்லை. நல்ல விஷயம்தான், ஆனால் அப்படி நடந்துகொள்வது அவருடைய வியாபாரத்துக்கும் நல்லது என்பதால், அதில் அறத்தின் மதிப்பு இருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்பது கான்ட் கட்சி. எனக்கு இது எப்போதுமே கொஞ்சம் கறாரான கணக்காகப் படும். அண்ணாச்சி எங்களுக்குக் கடன் கொடுத்ததில் வியாபாரமும் இருந்தது. அப்பா எழுந்துவிட்டால் இந்த வீடு வேறு கடைக்குப் போகாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் நோட்டைக் கல்லாவுக்கு அடியில் ஒளித்து வைத்ததில் என்ன வியாபாரம் இருக்கிறது? அம்மா வெட்கப்படுவது ஒன்பதாயிரத்துக்காக இல்லை, அதற்காக.

இந்த இடத்தில் என் வயதுக்காரர்கள் வழக்கமாக ஒரு கட்டுரை எழுதுவார்கள். சிறு கடைகளைக் காப்போம், உள்ளூர் காசு உள்ளூரில் புரளட்டும் என்று முடியும். நானும் அப்படி ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் எழுதியும் இருந்தேன்.

அந்த வாதத்தில் பாதி எனக்கே நம்பிக்கையில்லாதது. அண்ணாச்சி கடைச் சரக்கு மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடைகளிலிருந்து வருகிறது. சோப்பும் பற்பசையும் அதே பன்னாட்டுக் கம்பெனிச் சரக்குதான். ஊரில் தங்குவது அவருடைய லாபம் மட்டும். சூப்பர் மார்க்கெட்காரரும் அமெரிக்காவிலிருந்து வந்தவர் இல்லை, பக்கத்து ஊர்க்காரர்தான்.

2012 செப்டம்பரில் மத்திய அரசு பல பொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய முதலீட்டை அனுமதித்தபோது நான் கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அந்த மாதம் 20ஆம் தேதி நாடு முழுக்கக் கடையடைப்பு. தமிழ்நாட்டில் விடமாட்டோம் என்று ஜெயலலிதா அறிவித்தார். வெள்ளையன், விக்கிரமராஜா என்று வணிகர் சங்கத் தலைவர்கள் தினமும் டிவியில் வந்தார்கள். எல்லோருக்கும் வால்மார்ட் பயம். அந்த அனுமதியே பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. எழுமலை அந்தக் கணக்கிலேயே கிடையாது. (இதில் ஒரு வேடிக்கை, வால்மார்ட் 1962இல் தொடங்கியதே அமெரிக்காவின் ஆர்கன்சாவில் ராஜர்ஸ் என்ற ஒரு சின்ன ஊரில்தான்.) அப்புறம் 2018இல் அதே வால்மார்ட் ஃப்ளிப்கார்ட்டை வாங்கியது. இப்போது எங்கள் தெருவுக்கும் டெலிவரிப் பையன் வருகிறான். வாசலில் காவலுக்கு நின்றோம், அது போன் வழியாக வந்துவிட்டது.

சிறு கடைக்கு என்று உண்மையான ஒரு பலம் உண்டு. அது சரக்கைச் சில்லறையாக உடைத்துக் கொடுக்கும். தினக்கூலி வாங்குகிறவருக்கு ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. அவருக்கு வேண்டியது இன்று ராத்திரிக்கு மட்டும் எண்ணெய், நாலு பல் பூண்டு, ஒரு தேங்காய் மூடி. கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைக்கலாம் என்று யோசித்ததும், அவர் மகன் 1983இல் சிக் ஷாம்பூ தொடங்கியதும், இந்த அண்ணாச்சி கடைகளும் பெட்டிக்கடைகளும் இருந்ததால்தான் கைகூடியது. ஆனால் உடைத்து வாங்குகிறவர் கணக்குப் பார்த்தால் எப்போதும் கூடுதல் விலைதான் கொடுக்கிறார். ஏழைக்குக் கிராம் விலை அதிகம். அதற்குப் பதிலாக அவருக்குக் கிடைப்பது நோட்டு, கடன், பழக்கம். இப்படித்தான் என் இரண்டாம் பக்கம் முடிந்திருந்தது.

அதை என் நண்பன் ஒருவனுக்கு அனுப்பினேன். என்னோடு பள்ளியில் படித்தவன். எழுமலையை ஒட்டிய கிராமம் ஒன்றில், காலனியில் பிறந்து வளர்ந்தவன். இப்போது திருப்பூரில் இருக்கிறான். படித்துவிட்டு ராத்திரி கூப்பிட்டான்.

"நல்லாத்தான்டா எழுதியிருக்க. ஆனா எங்க தெருவுல யார் வீட்லயும் நோட்டு கெடையாதே."

எனக்கு முதலில் புரியவில்லை. "எந்த நோட்டு?"

"அதான், அண்ணாச்சி கட நோட்டு. எங்க ஆளுகளுக்கு ரொக்கம் மட்டுந்தான். எங்கம்மா ஒரு தடவ கேட்டுச்சு. 'காலனிக்கு கணக்கு வைக்கிறதில்லம்மா'ன்னுட்டாரு. வைதெல்லாம் இல்ல. மரியாதையாத்தான் சொன்னாரு."

நான் அந்தக் கடைக்குப் பத்து வருடம் போயிருக்கிறேன். பேரேட்டை ஆயிரம் தடவை தலைகீழாகப் பார்த்திருக்கிறேன். அதில் யார் பெயர் இருக்கிறது என்று தெரியும். யார் பெயர் இல்லை என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

அவன் மேலும் சொன்னான். அவன் கிராமத்துக்குள் இருந்த கடையில் அவனுடைய பாட்டி காலத்தில் காசைப் பலகையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும், சாமான் மேலிருந்து கையில் விழும். அதற்கு எழுமலை அண்ணாச்சி கடை எவ்வளவோ மேல். இங்கே கையில் கொடுப்பார்கள். "அதுனாலதான் அம்புட்டுத் தூரம் நடந்து வந்து வாங்குவோம்" என்றான்.

எங்கள் ஊர்ப்பக்கம் தெரிந்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இருக்காது. உத்தப்புரம் எங்களுக்கு அடுத்த ஊர். 1989இல் அங்கே தலித் மக்களின் பக்கத்தைப் பிரித்துச் சுவர் எழுப்பினார்கள். அதில் ஒரு பகுதியை அரசு இடித்துப் பாதை விட்டது 2008 மே 6ஆம் தேதி. நடுவில் பத்தொன்பது வருடம். அந்தச் செய்தியை டிவியில் பார்த்துக் கொதித்தவன் நான். ஆனால் நாற்பது பக்க நோட்டும் அதே மண்ணில் அதே வருடங்களில்தான் இருந்தது என்பதை இரண்டையும் சேர்த்து நான் யோசித்ததே கிடையாது.

"அப்ப அந்தப் பஞ்சத்துல நீங்க என்னடா பண்ணீங்க?" என்று கேட்டேன். அவன் அப்பாவும் அதே வருடங்களில் வேலையில்லாமல் இருந்தவர்தான்.

"ரேஷன்" என்றான்.

அன்று ரேஷன் அரிசி கிலோ மூன்றரை ரூபாய். பிறகு 2006இல் இரண்டு ரூபாய், 2008இல் ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம். தமிழ்நாட்டில் ரேஷன் ஏழைகளுக்கு மட்டும் என்று பிரிக்கப்படாமல் எல்லோருக்குமாக இருந்துவருகிறது. எங்கள் வீட்டில் ரேஷன் அரிசியை மாவுக்கும் கோழிக்கும் என்று ஒதுக்குவோம், வாடை வருகிறது என்போம். அவர்கள் வீட்டில் அதுதான் சோறு. ரேஷன் கடையில் வரிசை உண்டு, எடை குறையும், "சரக்கு வரல, நாளைக்கு வாங்க" உண்டு. நோட்டைக் கல்லாவுக்கு அடியில் மறைத்து வைக்கும் கை அங்கே கிடையாது. ஆனால் அவன் அம்மா பெயரில் ஒரு கார்டு இருந்தது. அதைக் கொடுக்க யாரும் அவள் முகத்தைப் பார்த்து முடிவு செய்யவில்லை.

சூப்பர் மார்க்கெட் வந்தபோது அவன் அம்மா போய்ப் பார்த்திருக்கிறார். கூடையை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உள்ளே சுற்றினாராம். ஒவ்வொரு டப்பாவையும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாராம். "வாங்குனது ஒரு சோப்பு, அரக்கிலோ ரவ. அம்புட்டுதான். ஆனா வந்து ஒரு வாரம் அதையே சொல்லிக்கிட்டு இருந்துச்சு" என்று சிரித்தான்.

அந்தக் கடைக்கு அவரைத் தெரியாது. அதுதான் அவருக்குப் பிடித்திருக்கிறது. எங்களுக்கு அண்ணாச்சி கடையில் பிடித்தது எங்களைத் தெரியும் என்பது. நான் இரண்டு பக்கம் எழுதிக் கொண்டாடியது அதைத்தான்.

பெரிய கடையைப் புனிதமாக்கவும் எனக்கு மனசில்லை. அங்கே வேலை பார்க்கும் பெண்பிள்ளைகள் நாள் முழுக்க நிற்கிறார்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் திருத்தியது 2021இல்தான். வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' வந்து பதினோரு வருடம் கழித்து. உட்காருவதற்குச் சட்டம் வேண்டியிருக்கிறது. ஆனால் அண்ணாச்சி கடைகளிலும் பதின்மூன்று வயதுப் பையன்கள் மூட்டை மேல் படுத்துத் தூங்கித்தான் தொழில் கற்றார்கள். எங்கள் அண்ணாச்சியும் அப்படி வந்தவர்தான்.

அவரிடம் போய்க் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாமோ என்று இப்போதும் ஒரு உறுத்தல் இருக்கிறது. மதிய நேரம், கடையில் ஆள் இல்லை. என் வேலை, கல்யாணம் எல்லாம் விசாரித்தார். சுற்றி வளைத்துக் கேட்டேன், யாருக்கெல்லாம் கணக்கு வைப்பீங்க அண்ணாச்சி என்று. அவருக்குப் புரிந்துவிட்டது.

"தம்பி, உங்கப்பா குடுக்கலேன்னா உங்க மாமன்கிட்டச் சொல்வேன். மாமன் கேக்கலேன்னா பெரியவர்கிட்டச் சொல்வேன். எனக்கு ஆளு இருக்கு. அவுகளுக்குக் குடுத்தா நான் யாருகிட்டப் போய்ச் சொல்றது? போலீஸ்லயா?" கொஞ்சம் நிறுத்தி, "அன்னிக்கு ஊரும் அப்படித்தான தம்பி இருந்துச்சு. அவுகளுக்குக் கணக்கு வச்சா இவுக என்ன சொல்லுவாகன்னும் இருந்துச்சு" என்றார்.

முதல் காரணம் வியாபாரம். இரண்டாவது பயம். இரண்டையும் அவர் மறைக்கவில்லை. அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வராததற்கு எங்கள் பழைய கடன் மட்டும் காரணமில்லை. கடை என்பதே அவர் சமூகம் ஏறி வந்த ஏணி. 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக நாடார்கள் மேல் போட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் அவர்களுக்கு எதிராகவே தீர்ந்தது. 1899இல் சிவகாசிக் கலவரம். கோயிலுக்குள் விடாதவர்கள் தங்கள் கடைவாசலுக்கு வந்து நிற்கும்படி செய்தவர்கள் அவர்கள். வியாபாரத்திலிருந்து மகமை பிடித்துப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். விருதுநகரில் 1889இல் தொடங்கிய அந்த வித்தியாசாலையில்தான் காமராசர் படித்தார். வாசலில் நிற்பது எப்படியிருக்கும் என்று தெரிந்த வரலாறு. அந்த வரலாற்றில் வந்தவர்தான் இன்னொருவருக்கு 'கணக்கு வைக்கிறதில்லை' என்றார். ஏணியின் ஒரு படியில் நிற்பவர் கீழ்ப்படியை எப்படிப் பார்க்கிறார் என்பது ஏதோ ஒரு சாதியின் குணம் இல்லை. நான் நின்ற படி அவருக்கும் மேலே இருந்தது. நானும் பார்க்கவில்லை.

இதில் எனக்கு இன்னொரு சங்கடம். நான் பிழைப்புக்குச் செய்வது கடன் கொடுக்கும் செயலி ஒன்றுக்கான கோடு எழுதுவது. யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று முடிவு செய்கிற பகுதி. முகத்தைப் பார்க்காது, சாதி கேட்காது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அது பின்கோடு கேட்கும். உத்தரவாதத்துக்கு ஆள் இருக்கிறதா என்று அண்ணாச்சி யோசித்ததை நாங்கள் நாற்பது காரணிகளாகப் பிரித்து யோசிக்கிறோம். அவர் மறுத்தால் 'முடியாதும்மா' என்று ஒரு வாய் சொல்லும். எங்கள் திரையில் வரும் வாசகத்தை எழுதியவன் நான். அதில் காரணம் இருக்காது.

திருக்குறளில் பதினொன்றாவது அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். பன்னிரண்டாவது நடுவு நிலைமை. ஏன் இந்த வரிசை என்று பரிமேலழகர் காரணம் சொல்கிறார். நன்றி செய்தவரிடம், அந்த நன்றியை நினைக்கும்போது, நடுவுநிலை குலைந்துபோகும். அங்கேயும் குலையக் கூடாது என்று சொல்வதற்காகவே ஒன்றுக்குப் பின் மற்றொன்றை வைத்தார் என்கிறார். உரையாசிரியர்கள் அதிகார வைப்புக்குச் சொல்லும் காரணங்கள் பல நேரம் வலிந்து சொன்னதாகத் தோன்றும். இது அப்படியில்லை. நன்றி கெட்டவனுக்கு இந்தச் சிக்கலே வராது. நன்றியுள்ளவன்தான் தனக்கு உதவியவரைப் பற்றிப் பொய் சொல்வான், அதுவும் பொய் என்று தெரியாமலே. நான் எழுதிய இரண்டு பக்கம் அப்படிப்பட்டது. நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறள் வணிகரைப் பற்றியது, பிறர் பொருளையும் தன் பொருள்போலப் பேண வேண்டும் என்பது. அது விற்கிறவருக்குச் சொன்னது. வாங்குகிறவனிடம் கேட்கப்படும் நடுவுநிலை என்ன என்பதுதான் என் கேள்வியாக இருந்திருக்கிறது.

இப்போது எனக்குத் தோன்றுவது இது. நான் கடன்பட்டிருப்பது அண்ணாச்சி என்ற ஒரு மனிதரிடம். 'சிறு வணிகம்' என்ற கொள்கையிடம் இல்லை. எனவே நான் அவர் கடையில் வாங்க வேண்டும். எனக்குச் சம்பளம் வருகிறது, எண்ணெயில் இருபது ரூபாய் எனக்கு ஒன்றுமில்லை. அந்த நன்றியின் செலவை அம்மாவின் முழங்கால் மேல் ஏற்ற எனக்கு உரிமை கிடையாது. என் நண்பனின் அம்மாவிடம் போய், பெரிய கடைக்குப் போகாதீர்கள், உள்ளூர்க்காரரை ஆதரியுங்கள் என்று சொல்ல எனக்கு வாயே கிடையாது. அவருக்கு அந்த உள்ளூர் என்ன கொடுத்தது? இங்கிலாந்தில் 1844இல் ராச்டேல் நெசவாளர்கள் தங்களுக்கென்று கூட்டுறவுக் கடை தொடங்கியபோது ரொக்கத்துக்கு மட்டுமே வியாபாரம் என்று விதி வைத்தார்கள். கடனில்தான் மளிகைக்காரருக்கு அடிமையாகிறோம் என்று பட்டவர்கள் அவர்கள். அந்த மாதிரியைப் பார்த்து 1904இல் திருவல்லிக்கேணியிலும் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை வந்தது. அங்கே எல்லோருக்கும் ஒரே விலை. நல்லதுதான். ஆனால் அப்பா காலை உடைத்துக்கொண்டு கிடந்த பதினோரு மாதம் ரொக்கக் கடை எங்களுக்கு என்ன செய்திருக்கும் என்றும் யோசிக்கிறேன். முகம் பார்க்காத நோட்டு ஒன்று சாத்தியமா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அலுவலகத்தில் பின்கோடு காரணியை எடுத்துவிடலாமா என்று ஒரு மெயில் போட்டிருக்கிறேன். 'பார்க்கலாம்' என்று பதில் வந்தது.

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மாவோடு நானும் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். திரும்பும்போது பையை வாங்கிக்கொண்டு நேர்வழியில் நடந்தேன். "ஏய், இந்தப் பக்கம் வேணாம்டா" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் கடை வந்துவிட்டது. அண்ணாச்சி எங்களைப் பார்த்தார், பையைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"தம்பி, அதுல மொளகாப்பொடி இருக்கா?" என்றார்.

"இருக்கு அண்ணாச்சி."

"கால் கிலோ எவ்வளவு போட்ருக்கான்?"

பில்லை எடுத்துப் பார்த்துச் சொன்னேன். பேரேட்டைத் திறந்து, கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். பிறகு அம்மாவிடம், "அந்தத் தொவரம்பருப்பு வேகாது, அத அங்க வாங்காதீக" என்றார்.

நான் அவரிடம் ஐந்து கிலோ துவரம்பருப்பு வாங்கினேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. போன வாரம் போனில் கேட்டேன், இப்போது எந்த வழியாக வருகிறாய் என்று.

"கோயில் பக்கமாத்தான்" என்றாள்.